ஏழாவது காரின் இடப்பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் செய்தேன், அதனால் குறை சொல்லவில்லை. இத்துடன் இருக்கும் படிவத்தில் பேனாவால் போட்ட கையெழுத்து வேண்டும் என்று போட்டிக்காரர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். வெறும் படிவத்தை உறையில் போட்டு அனுப்பினால் வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதிப் பழக்கமில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனும் நானும் சேர்ந்து செய்த கார்களைப் பற்றியது. கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஓடுகிற பந்தயக் கார்கள். "ரெண்டு தடிமாடுங்க, ஒரு பொம்மைக் காரு" என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அவைதான். வீட்டு மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு அந்தப் பொம்மையை ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஐந்தாவது கார் பரிசு வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் கடைசியாக வரைந்த ஏழாவது காரை இந்தப் பருவப் போட்டியில் அவர் பெயரோடு இறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஏப்ரல் 15 கடைசி நாள்.

உடம்பை அவர் வரைவார், காற்றை நான் விடுவேன். அதாவது அவர் வரைந்த காரின் மேல் காற்று எப்படிப் போகும், எங்கே அழுத்தும், எங்கே இழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பங்கு. ஆபீசில் கட்டடங்களின் ஏசி குழாய்களுக்கு அதே கணக்கைத்தான் போடுகிறேன். "என்னடா காத்துக்காரா, இந்த வாரம் என்ன சொல்லுது உன் காத்து?" என்றுதான் அண்ணனின் சனிக்கிழமைப் போன் தொடங்கும்.

காரின் வடிவம் என்னிடம் இருக்கிறது. அவர் அதற்குப் பூசிய வண்ணம் மட்டும் இல்லை. முடித்த பிறகு காட்டுகிறேன் என்று வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் 'ஏழு' என்ற பெயரில் இருக்கும். அதை ஒரு பென்டிரைவில் போட்டு, படிவத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பினால் போதும்.

அன்றைக்கு வாசலில் எல்லோர் முன்னிலும் நான் பேசியதைப் பற்றி எழுத இரண்டு தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். சொன்னது தப்பு என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் அந்த நாளில், அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கொழுந்தன்

பிப்ரவரி 20

படிவம் வந்தது. தபாலில் வந்ததற்குத் தபாலிலேயே பதில்.

"சொன்னது தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்ததற்கு வருத்தமில்லை, சத்தம் கேட்டுவிட்டதற்குத்தான் வருத்தம் என்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். எனக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். "ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றீங்க. கூடவே இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கண்ணு தெரியலையா? நாலு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரே!" உள்ளே அவரைக் கிடத்தியிருந்தோம். கண்ணாடிக் கடை முதலாளி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக அந்தக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் நான். அதற்குப் பிறகு வேலைக்குப் போன முதல் நாள், வந்தவருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா?" என்று கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருடைய அறைக்கு ஒன்பது மாதமாக நான் போகவில்லை. உங்கள் படிவத்துக்காகப் போனேன். ஸ்டீயரிங் மேஜையோரத்தில் திருகி மாட்டியபடியே இருக்கிறது. நாற்காலி முதுகில் அவர் துண்டு. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. நானும் "சரி பொறு, ஒண்ணும் அவசரமில்ல" என்று அவர் மாதிரியே அதனிடம் பேசினேன். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

'ஏழு' திறந்தது. செக்கச்செவேல் என்று ஒரு கார். அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மவுசால் அதைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் சிவப்பு இல்லை. வெறும் சாம்பல். வண்ணம் மட்டுமா இல்லை? பின்னால் பார்க்கிற கண்ணாடி வலது பக்கம் இருக்கிறது, இடது பக்கம் இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை வலது பக்கம் ஐந்து அடுக்கு, இடது பக்கம் யாரோ கடித்துத் துப்பியது மாதிரி இருக்கிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே, அப்படி.

இது இப்படித்தான் இருக்குமா? அல்லது வேறெதையோ திறந்துவிட்டேனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் திறந்தது சரியான ஃபைல்தான். இந்த வேலையே அப்படித்தான். சட்டைத் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் மட்டும் வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும் இல்லையா? காரும் அதே மாதிரிதான். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. அதனால் பாதிக் காரை வைத்துக்கொண்டு காற்றைக் கணக்குப் போடுவோம். முழுக் கார் என்றால் என் கம்ப்யூட்டருக்கு இரண்டு நாள் பிடிக்கும், பாதி என்றால் ஒரு நாள். வந்த விடையைப் புரட்டி மறுபக்கம் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணனும் வலது பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு இடது பக்கத்தைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். அவ்வளவுதான். நான் இங்கே புரட்டிக்கொள்கிறேன்.

படிவத்தையும் பென்டிரைவையும் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. பழைய ஃபைல்கள் எதையும் திறந்து பார்க்க வேண்டாம். திறந்தால் ஏதாவது கெட்டுப்போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 4

தம்பி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்டிரைவும் உள்ளே இருக்கிறது.

உன் கடிதம் படித்து ஒரு பெரிய மூச்சு விட்டேன். நான் என்ன நினைத்துப் பயந்தேன் என்று இப்போது சொல்கிறேன். அவர் தலைக்குள் இருந்த கட்டி அவர் வரைந்த காருக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்று பயந்தேன். மருத்துவமனையில் அந்தப் பெரிய டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? கட்டி மூளையின் வலது பக்கம், அதனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றாது, கண்ணில் குறையில்லை, ஆனால் பார்க்க மாட்டார் என்றார். அந்த அறையில் போய் உட்கார்ந்தபோதாவது அவர் எதையோ முழுசாகச் செய்துகொண்டிருந்தார் என்று நான் நம்ப வேண்டியிருந்தது. துணி மடித்து வெட்டுகிற மாதிரி என்று நீ எழுதியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகைதான்.

இப்போது என் பங்கைக் கேள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ வாசலில் கத்தியது சரிதான். அவர் போவதற்கு முந்தின நவம்பரில் ஒரு நாள் நடைபாதையில் இருந்த கம்பத்தில் இடது தோளை இடித்துக்கொண்டு வந்தார். அதே வாரத்தில் மறுபடியும் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். "பவர் ஏறியிருக்கும், கடைக்கு வாங்க" என்று கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வரச்சொன்னேன். என் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் படித்தார்.

"அஞ்சு எழுத்து இருக்கு. ரெண்டுதானே படிக்கிறீங்க?"

"மிச்சத்த நீ படிச்சுக்கோ. சம்பளம் வாங்கறவ நீதானே?"

உன் அண்ணன் வாய் உனக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் நக்கல்தான். நான் சிரித்துக்கொண்டே கையில் இருந்த அட்டையால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த கண்ணை மூடினேன். அதே கடைசி இரண்டு எழுத்து. கீழே பொடி எழுத்து வரிக்கு வந்தபோதும் கடைசி இரண்டை டக்கென்று சொன்னார். பார்வை கூர்மையாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, பழைய கண்ணாடிக்குப் பதில் பழுப்பு ஃபிரேமில் புதுசு போட்டுக் கொடுத்தேன். "எனக்குப் பொருத்தமா இருக்கா?" என்று கேட்டுக் கண்ணாடி முன் நின்றார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றேன்.

ஒழுங்காகத் தொழில் கற்ற எவளும் அந்த முதல் வரியிலேயே நின்றிருப்பாள் தம்பி. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விட்டுப்போகிறது என்றால் கோளாறு கண்ணில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குப் பாடமே இருக்கிறது. மற்றவர்களுக்கென்றால் கண்டுபிடித்திருப்பேன். என் புருஷன் என்பதால் நக்கல் என்று நினைத்துவிட்டேன். சாப்பாட்டில் பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு "இன்னிக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?" என்று கேட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். தட்டைத் திருப்பி வைத்தேன், மிச்சத்தையும் சாப்பிட்டார்.

நீ சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் கண் தெரியவில்லை. உன் வாயால் வந்ததே என்றுதான் இத்தனை நாள் கோபமாக இருந்தேன்.

காரை நல்லபடியாக அனுப்பு. அவர் பெயர் எழுதியிருக்கிற படத்தை எனக்கு ஒன்று அனுப்பு.

அண்ணி

மார்ச் 11

அண்ணி,

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். பாதியை மட்டும் கணக்குப் போடுவோம் என்பது உண்மை. பாதியை மட்டும் அண்ணன் வரைவார் என்பது பொய். அவர் ஒரு நாளும் புரட்டி ஒட்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபக்கம் தானாக வந்துவிடும் என்று எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "முகத்துலயே ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுடா, காருக்கு மட்டும் எதுக்கு?" என்பார். இடது பக்கத்தையும் கையாலேயே வரைவார். முதல் ஆறு காரும் அப்படி வந்தவைதான்.

வெட்டியது நான். வாரம் ஒரு ஃபைல் அனுப்புவார். அது வந்து சேர்ந்ததும் தானாக நடுவில் வெட்டி, இடது பாதியைத் தூக்கி எறிந்து, வலது பாதிக்குள் காற்றை விடுகிற மாதிரி ஒரு நிரலை எழுதி வைத்திருந்தேன். என் சமர்த்து என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. அதனால் ஏழாவது காரின் இடப்பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய பிறகு, பிப்ரவரி 24ஆம் தேதி மாலைதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் அனுப்பிய எல்லா ஃபைலும் என்னிடம் தேதியோடு இருக்கிறது. ஒவ்வொன்றாக வெட்டாமல் திறந்தேன்.

செப்டம்பர் முழுக்க இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. அக்டோபர் முதல் சனிக்கிழமை இடது கண்ணாடி இல்லை. மூன்றாவது சனிக்கிழமை இடது இறக்கையில் ஐந்து அடுக்குக்கு மூன்று. நவம்பர் நடுவில் இடது பக்கக் காற்றுத் துவாரத்தின் வாய் அடைத்துக்கிடக்கிறது. நீங்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்த அதே வாரமாக இருக்கலாம். டிசம்பரில் சக்கரத்தின் மேல் மூடி இல்லை. ஜனவரி கடைசியில் இடது பக்கம் என்று சொல்வதற்கே அதிகம் இல்லை. போன வருடம் பிப்ரவரி இரண்டாம் தேதி அவர் படியில் விழுந்தார், மருத்துவமனைக்குப் போனீர்கள்.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை எண்ணிப் பாருங்கள். டாக்டர் சொன்ன அந்த நாலு மாதம் என் மேஜைமேல்தான் இருந்தது, அண்ணி. உங்களுக்குச் சிரித்துக்கொண்டே தப்பிப்போன ஒரு மத்தியானம்தான் கிடைத்தது. எனக்கு வாரம் தவறாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சப் பாதியைப் புரட்டி ஒட்டி, முழுக் காராகப் படம் எடுத்து, "அண்ணா, இதுவரைக்கும் செஞ்சதிலேயே சுத்தமான கார் இதுதான்" என்று அவருக்கே அனுப்பினேன். அவரும் பார்த்துவிட்டு "நீ சொன்னா சரிதான்" என்றார். அவருக்குத் தெரிந்ததும் அதே பாதிதான். இரண்டு பேரும் ஒரே பாதியைப் பார்த்து மாறி மாறிப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போனில் சொன்னார்: "என்னவோ ஒண்ணு கொறையற மாதிரி இருக்குடா. என்னன்னு சொல்லத் தெரியல. ஒரு தடவ முழுசாப் போட்டுப் பாரேன்."

"முழுசாப் போட்டா ரெண்டு நாள் ஆகும்ணா. பாதியே போதும்" என்றேன்.

"சரி, போதும்னா விடு" என்றார்.

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்று உங்களைக் கேட்டேன். நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள். நீங்கள் முழுசாகச் செய்துகொண்டிருந்தார் என்று நம்பி அழுததைக் கெடுக்க மனமில்லாமல் சும்மா இருந்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஆனால் "எனக்குத்தான் கண் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே. அதை நீங்கள் சுமந்துகொண்டிருக்க, நான் போட்டியில் போய்க் கார் இறக்க முடியாது.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை.

காத்துக்காரன்

ஏப்ரல் 3

உங்கள் கடிதம் கடையில் லென்ஸ் பெட்டிக்குள் இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாதபோது எடுத்துப் படிப்பேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போக முடியாது. யாராவது வந்துவிடுவார்கள், வைத்துவிடுவேன்.

இடது பக்கத்தைப் பார்க்காததை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் பொய் சொன்னீர்களே. பிப்ரவரி 24ஆம் தேதி எல்லாம் தெரிந்தும், மறுநாளே உட்கார்ந்து துணியை மடி, வெட்டு, பிரி என்று எனக்குக் கதை சொன்னீர்களே. அதை நம்பிப் பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பத்து நாளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து ஏமாற்றுவது போல ஏமாற்றியிருக்கிறீர்கள்.

இரண்டு பேரில் யார் மேல் குற்றம் அதிகம் என்று தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் உங்கள் தட்டு இறங்கும், ஒரு நாள் என் தட்டு இறங்கும். இப்படி மூன்று வாரம் போனது. எந்தத் தட்டு இறங்கினாலும் அவர் வரப்போவதில்லை. அலுத்துவிட்டது.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். புரட்டி ஒட்டிய காரை அவர் பெயரில் இறக்க வேண்டாம். அது பாதி அவர், பாதி உங்கள் கத்தரிக்கோல். என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"முழுசாப் போட்டுப் பாரேன்" என்று கேட்டார் இல்லையா? போட்டுப் பாருங்கள். ஜனவரிக் கடைசி ஃபைல், வெட்டாமல், சரிசெய்யாமல், அவர் கை விட்டபடி. இரண்டு நாள் ஆனால் ஆகட்டும்.

ஏப்ரல் 12

அண்ணி,

போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொரு மணி நேரம் ஆனது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உட்காரத் தேவையே இல்லை, அது பாட்டுக்கு ஓடும். ஆனாலும் எழுந்து போகப் பிடிக்கவில்லை.

காற்றை நாங்கள் கோடு கோடாகப் படம் போட்டுப் பார்ப்போம். வலது பக்கம் கோடுகள் சீவிவிட்ட தலைமுடி மாதிரி ஒழுங்காகப் போகின்றன. அவ்வளவு அழகான வேலை, அண்ணி. எல்லாம் விட்டுப்போய்க்கொண்டிருந்த ஜனவரியில்கூட அந்தப் பக்கத்தில் ஒரு பிசகு இல்லை. இடது பக்கத்துக்கு வருகிற காற்றுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சும்மா வருகிறது, சும்மா போகிறது. அதைப் பார்த்து அழுதேன். அவர் இறந்த அன்று நான் அழவில்லை. உங்கள் மேல் கத்திக்கொண்டிருந்தேன்.

விடை இதுதான். வலது பக்கத்தில் இறக்கைகள் முழுசாக இருப்பதால் காற்று அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. இடது பக்கம் இழுக்க ஆளில்லை. அதனால் வேகம் ஏற ஏறக் கார் வலது பக்கமாகவே ஒதுங்குகிறது. விதிப்படி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஆகவே போட்டிக்கு இது ஆகாது. இந்த வருடம் கார் கிடையாது என்று போட்டிக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அதை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வளைவுக்குள் வலது சுவரில் மோதினேன். பதினான்கு தடவை மோதினேன். வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் ஓட்டியதில்லை. பதினைந்தாவது தடவை ஒரு சுற்று முடித்தேன். ஸ்டீயரிங்கை இடது பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எழுத்து இப்படிக் கிறுக்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தக் காரைப் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். திறந்ததும் ஓட்டவா என்று கேட்கும், ஆமாம் என்று அழுத்த வேண்டும். ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களிடம் இருக்கட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

கொழுந்தன்

மே 2

தம்பி,

மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அலட்சியமாக விடாதே. நம் குடும்பத்தில் அலட்சியம் செய்தது போதும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். பொய்யாகிவிடும், உன் பாஷையில் சொன்னால். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். நாலு தடவை அடிக்க வேண்டியிருக்காது.

நேற்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து வருடமாக அந்த அறையைப் பெருக்கியிருக்கிறேன், அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எனக்குச் சைக்கிள்கூடச் சரியாக ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். துண்டை மடியில் போட்டுக்கொண்டு, ஓட்டவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தினேன்.

நீ சொன்னது போலவே வலது பக்கமாக ஒதுங்கியது. எனக்குத் தெரிந்த ஒதுங்கல்தான் அது. டிசம்பரிலிருந்து நாங்கள் கடைத்தெருவுக்குப் போனால் அவர் நேராக நடக்க மாட்டார், வலது பக்கமாகவே சரிந்து சரிந்து போய்ச் சாக்கடையோரத்துக்கு வந்துவிடுவார். அசதி என்று நினைத்து நான் இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். இறுக்கிப் பிடித்தால் கோபம் வரும், விட்டால் போய்விடுவார். சும்மா விரலைக் கோத்து லேசாக என் பக்கம் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். போன வருடம் மே மாதம் அவர் போகிற வரைக்கும் வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படித்தான் நடந்தோம்.

நீ இறுக்கிப் பிடித்திருக்கிறாய் தம்பி. அதனால்தான் கை வீங்கியது.

மெதுவாகத்தான் போனேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் யாரும் இல்லை. சரிகிறபோதெல்லாம் லேசாக இந்தப் பக்கம் இழுத்தேன். பாதி வழியில் "இப்படி வாங்க, இப்படி வாங்க" என்று யாரோ சொல்வது கேட்டது. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிலும் மோதவில்லை. கை வலிக்கவில்லை.

ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று வேண்டுமா என்று கேட்டது. போனோம்.

அண்ணி